உங்களுக்குத் தெரியுமா? கை உதறலும் கண் சிமிட்டலும் ஒன்றல்ல

ஆட்டிசம் உள்ள பிள்ளை எதையாவது திரும்பத் திரும்பச் செய்தால், "அது ஆட்டிசத்தோட குணம்" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் ஐந்தாறு வெவ்வேறு சமாச்சாரங்கள் ஒளிந்திருக்கின்றன. சிலவற்றுக்கு வைத்தியமே தேவையில்லை. சிலவற்றுக்கு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எது எது என்று பார்ப்போமா?

● ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்குத் தெரியவைத்தது 1943-ல் பால்டிமோரில் இருந்த மனநல மருத்துவர் லியோ கேனர் எழுதிய கட்டுரை. 11 குழந்தைகளைப் பற்றியது. அதில் முதல் பையன் டொனால்ட் டிரிப்ளெட், மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். சின்ன வயதில் சட்டி, மரக்கட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் தரையில் சுழற்றிவிட்டுக் குதூகலிப்பார். அந்தப் பையன் பிறகு என்ன ஆனார்? கல்லூரியில் பட்டம் வாங்கினார், ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகப் பல நாடுகளைச் சுற்றினார். 2023-ல் 89 வயதில் காலமானார். 'இப்படியே சுத்திக்கிட்டு இருந்தா உருப்படுமா?' என்று கேட்கும் உறவினர்களுக்குச் சொல்ல இது உதவும்.

● செய்ததையே செய்வது ஆட்டிசத்தின் தனிச்சொத்து அல்ல. எஸ்தர் தெலன் என்ற ஆய்வாளர் 20 சாதாரணக் குழந்தைகளை அவர்களின் முதல் வருடம் முழுக்கக் கவனித்தார். காலை உதைப்பது, கையை அடிப்பது, உட்கார்ந்தபடி ஆடுவது என்று 47 வகை அசைவுகளைப் பட்டியலிட்டு 1979-ல் வெளியிட்டார். பார்வையில்லாத குழந்தைகளில் பலர் முன்னும் பின்னும் ஆடுவார்கள், கண்ணை அழுத்திக்கொள்வார்கள். பெரியவர்கள் மட்டும் என்னவாம்? "காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று பாட்டியிடம் திட்டு வாங்காதவர் தமிழ்நாட்டில் உண்டா!

● 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு இந்தப் பழக்கங்களை நான்காகப் பிரிக்கிறது: ஒரே மாதிரி அசைவு அல்லது பேச்சு, எல்லாம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம், ஒரே விஷயத்தில் அளவுகடந்த ஆர்வம், சத்தம், வெளிச்சம், துணியின் உறுத்தல் போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வது. நான்கில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் ஆட்டிசம் என்ற பேச்சே.

● கை உதறுவது, சுற்றுவது, ஆடுவது – ஆட்டிசம் உள்ளவர்களே 'ஸ்டிம்மிங்' என்று சொல்லும் இவை பெரும்பாலும் மூன்று வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். சந்தோஷம் வந்தாலும் வரும், சலிப்பு வந்தாலும் வரும், கூட்டத்தில் மிரண்டாலும் வரும். வருடக்கணக்கில் அதே தாளம், அதே அசைவு, பெரும்பாலும் இரண்டு கையும் சேர்ந்து. பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ, பிடித்த பொருளைக் காட்டினாலோ நின்றுவிடும். பிள்ளைக்கு அதில் ஒரு தொந்தரவும் இருக்காது. தொந்தரவெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

● அதே பிள்ளை ஆறு வயதில் திடீரென்று கண்ணைப் படபடவென்று சிமிட்ட ஆரம்பிக்கிறான். வீட்டில் என்ன நினைப்பார்கள்? இதுவும் ஆட்டிசம்தான் என்று. அல்லது கண் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். சொட்டு மருந்து வரும், சில சமயம் கண்ணாடியும் வரும். இரண்டு மாதத்தில் சிமிட்டல் போய், தோளைக் குலுக்குவது வரும். பிறகு தொண்டையைச் செருமுவது. அதற்கு இருமல் மருந்து. இப்படி இடம் மாறி மாறி, கூடிக் குறைந்து, சட்டென்று வெட்டி இழுப்பதுபோல் வந்தால் அது 'டிக்' ஆக இருக்கலாம். பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தலைகாட்டும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளைக் கேட்டால், தும்மல் வருவதற்கு முன்னால் ஒரு குறுகுறுப்பு வருமே அதுபோல இருக்கும், செய்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஸ்டிம்மிங்குக்கு அந்தக் குறுகுறுப்பு கிடையாது. இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருப்பதும் சகஜம். அங்கேதான் அனுபவசாலி டாக்டர்கள்கூடத் தடுமாறுகிறார்கள்.

● "பாரு, ஸ்கூல்ல ஒண்ணும் பண்ணல, வீட்டுக்கு வந்ததும் வேணும்னே பண்றான்!" டிக் உள்ள பிள்ளையால் கொஞ்ச நேரம் அடக்கி வைக்க முடியும். பள்ளியில் அடக்கியது வீட்டில் மொத்தமாக வெளியே வரும். வேண்டுமென்றே செய்வதல்ல. 'செய்யாதே, செய்யாதே' என்று நினைவுபடுத்த நினைவுபடுத்தக் கூடவே செய்யும்.

● பல வகை அசைவு டிக், அதோடு ஒரு குரல் டிக்காவது சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் டூரெட் சிண்ட்ரோம். 1885-ல் ஒன்பது நோயாளிகளை வைத்து இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஷில் த லா டூரெட்டின் பெயர். கெட்ட வார்த்தை கத்துவதுதான் டூரெட் என்று சினிமா பார்த்து நம்புகிறோம். அது பத்தில் ஒருவருக்கோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவோதான். 10–12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்வயது முடிவதற்குள் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைந்துவிடும்.

● ஆகவே, டிக்குக்கு முதல் வைத்தியம் சும்மா விடுவதுதான். ஆசிரியரிடம் சொல்லிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கழுத்தை வெட்டி வெட்டி வலி வருகிறது, எழுத முடியவில்லை என்றால் மட்டும் பயிற்சி. குறுகுறுப்பு வருகிற கணத்தைப் பிள்ளையே கண்டுபிடித்து, அந்த டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாத இன்னொரு அசைவை அமைதியாகச் செய்வது இதன் சூட்சுமம். 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 126 பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். இந்தப் பயிற்சி எடுத்தவர்களில் பாதிக்கு மேல் தேறினார்கள், வெறும் ஆலோசனை பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. தன் உடம்பில் நடப்பதைக் கவனித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இது சரிவரும். மற்றவர்களுக்கு, தேவைப்பட்டால் குளோனிடின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன.

● அடுத்தது ஓ.சி.டி. ஆட்டிசத்தோடு மிகவும் குழம்புவது இதுதான். இரண்டு பிள்ளைகளைக் கவனியுங்கள். ஒரு பையன் தன் பொம்மை பஸ்களை ஹால் ஓரமாக வரிசையாக நிறுத்துகிறான். பச்சை, பச்சை, நீலம். கன்னத்தைத் தரையில் வைத்து ஒரு கண்ணை மூடி, வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்கிறான். முகத்தில் சிரிப்பு. எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி குழாயடியில் நிற்கிறாள். மூன்று முறை சோப்பு. குழாயைக் கையால் தொடக் கூடாது, முழங்கையால் திருக வேண்டும். கை பட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. விரல் இடுக்கில் தோல் வெடித்திருக்கிறது. ரசம் சாதம் பிசைந்தால் எரிகிறது. அழுதுகொண்டே கழுவுகிறாள். இருவருக்கும் ஆட்டிசம் உண்டு. இருவரும் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பையனுக்கு அது ஆசை. பெண்ணுக்கு அது வேதனை. நிறுத்த விரும்புகிறாள், முடியவில்லை.

● பிரித்தறிய ஒரு கேள்வி: "இதைச் செய்யலேன்னா என்ன ஆகும்?" ஓ.சி.டி. உள்ள பிள்ளை, "அம்மாவுக்கு ஏதாவது ஆயிடும்", "கிருமி வந்து செத்துப்போவேன்" என்ற மாதிரி சொல்லும். மற்றப் பிள்ளை, "ஒண்ணும் ஆகாது, எனக்குப் பிடிச்சிருக்கு" என்னும். எப்போதும் இவ்வளவு சுலபமாக இருக்காது. வழக்கமான வழி மாறினால், வழக்கமான தட்டு இல்லையென்றால் ஆட்டிசம் உள்ள பிள்ளையும் கலங்கித்தான் போகும். பேசாத பிள்ளையிடம் கேள்வியே கேட்க முடியாது. அங்கே முகத்தைத்தான் படிக்க வேண்டும்: செய்து முடித்ததும் வருவது மகிழ்ச்சியா, 'அப்பாடா, தப்பித்தேன்' என்ற பெருமூச்சா?

● ஓ.சி.டி.க்கு இன்றுவரை முதல் வைத்தியமாக நிற்பது, 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் தொடங்கிவைத்த முறையின் வழிவந்தது. பயப்படும் பொருளைப் படிப்படியாகத் தொடவைத்து, கழுவாமல் இருக்கப் பழக்குவது. பயம் தானாக இறங்கும் என்பதை மனசு அனுபவித்துக் கற்கும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இதையே கொஞ்சம் மாற்றிச் செய்வார்கள்: 'எவ்வளவு பயம்?' என்று பேச்சில் கேட்காமல் படத்திலோ நிறத்திலோ காட்டச் சொல்வது, அவர்களுக்குப் பிடித்த ரயிலையோ கிரிக்கெட்டையோ உதாரணத்துக்கு எடுப்பது, அவசரப்படாமல் போவது. வீட்டார் ஒன்று செய்ய வேண்டும். பிள்ளைக்காகத் தாங்களும் மூன்று முறை கை கழுவுவது, "ஒண்ணும் ஆகாதுடா" என்று நூறு முறை உறுதி சொல்வது – பாசத்தில் செய்யும் இவை ஓ.சி.டி.க்குத் தீனி. சிகிச்சை தருபவரின் யோசனைப்படி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

இதே வைத்தியத்தை பஸ் அடுக்கும் பையனுக்குச் செய்தால்? அவனுக்கு அதில் பயம் எதுவும் இல்லை. விளையாட்டைப் பிடுங்கியது மட்டும்தான் மிச்சம்.

● ஓ.சி.டி.க்குக் கேட்கும் மாத்திரை ஆட்டிசக் குழந்தையின் கை உதறலுக்கும் கேட்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தானே இருக்கிறது! சோதித்துப் பார்த்தார்கள். 149 பிள்ளைகள், 12 வாரம், பாதிப் பேருக்கு சிட்டலோப்ராம், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 2009-ல் முடிவு வெளியானது. இரண்டு பக்கமும் மூன்றில் ஒருவர் தேறியிருந்தார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று: மருந்து சாப்பிட்டவர்களுக்குப் படபடப்பு, துறுதுறுப்பு, தூக்கக் கேடு போன்ற பக்கவிளைவுகள் அதிகம். வெளியே ஒன்றுபோல் தெரிவது உள்ளே ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. நிஜமாகவே ஓ.சி.டி. இருக்கும் ஆட்டிசப் பிள்ளையின் கதை வேறு. அங்கே அந்த வகை மாத்திரைக்கு இடம் உண்டு, கவனத்தோடு.

● ரிஸ்பெரிடோனுக்கு 2006-லும் அரிப்பிப்ரசோலுக்கு 2009-லும் அமெரிக்க அரசு ஆட்டிசத்தில் அனுமதி தந்தது கடும் எரிச்சல், அடித்தல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றுக்கு. கை உதறுவதற்கு அல்ல. எடை கூடும், தூக்கம் அசத்தும், ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது: இவ்வகை மருந்துகளை நெடுநாள் சாப்பிட்டால், வாய் மெல்லுவது, நாக்கு துழாவுவது என்று புதிதாக ஓர் ஓயாத அசைவு வரலாம். அதையும் ஆட்டிசம் என்று நினைத்து டோஸைக் கூட்டினால் என்ன ஆகும், யோசியுங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

● பேசாத பிள்ளை திடீரென்று காதில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தால் முதலில் போக வேண்டியது தெரபி சென்டருக்கு அல்ல, டாக்டரிடம். காதில் சீழ் இருக்கலாம். சொத்தைப் பல்லாக இருக்கலாம். நெஞ்சுக் கரிப்பு, மலச்சிக்கல், தலைவலி, பெண் பிள்ளைக்கு மாதவிடாய் வலி – வாய்விட்டுச் சொல்ல முடியாத வலி கை வழியாக வெளியே வருகிறது. பல்லைத் திறந்து பார்க்காமலே மனநல மாத்திரை எழுதப்பட்ட பிள்ளைகள் நம் ஊரில் எத்தனையோ.

● வலி எதுவும் இல்லை, ஆனாலும் அடித்துக்கொள்கிறது என்றால்? 1982-ல் பிரையன் ஐவாட்டாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு காரியம் செய்தார்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளை நான்கு சூழலில் வைத்துப் பார்த்தார்கள்: அடித்தால் மட்டும் கவனிப்பு கிடைக்கும்; அடித்தால் பாடம் நிற்கும்; தனியே இருக்கும்; இஷ்டப்படி விளையாடலாம். ஒரு பிள்ளைக்குப் பாடம் நடக்கும்போது அதிகம், இன்னொன்றுக்குத் தனியே இருக்கும்போது அதிகம். பாடத்திலிருந்து தப்பிக்க அடித்துக்கொள்ளும் பிள்ளையைத் தண்டனையாக வெளியே அனுப்பினால், அது கேட்டதை நாமே கொடுத்த மாதிரி. 'போதும்' என்று ஒரு அட்டையைக் காட்டக் கற்றுக்கொடுத்து, காட்டியதும் உடனே ஓய்வு தந்தால் அடிக்க வேண்டிய அவசியம் குறையும். தலையைச் சுவரில் மோதும் பிள்ளையை மட்டும் காத்திருந்து பார்க்காதீர்கள். விழித்திரை பிய்ந்து பார்வை போன சம்பவங்கள் உண்டு.

● மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு தின்கிறதா? 'கெட்ட பழக்கம்' என்று கையில் அடிப்பதற்கு முன், இரும்புச்சத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை.

● 1954. வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவரின் காத்திருப்பு அறை. இரண்டு சிறுமிகள் அவரவர் தாய் மடியில். இருவரும் கையைக் கழுவுவதுபோல் ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தார்கள், அச்சு அசலாக ஒரே மாதிரி. அதைக் கவனித்த மருத்துவர் 1966-ல் அந்த நோயைப் பற்றி எழுதினார். ஆட்டிசத்தின் ஒரு கிளையாகவே வெகுகாலம் கருதப்பட்ட அந்த ரெட் சிண்ட்ரோமுக்குக் காரணமான மரபணுவை 1999-ல் ஹூடா ஸோக்பியின் குழு கண்டுபிடித்தது. பொம்மை பிடித்து விளையாடிய பெண் குழந்தை பிடிப்பதையே மறந்துவிட்டு மார்புக்கு நேராகக் கையைப் பிசைந்தால் மரபணுச் சோதனை அவசியம்.

● ஃபிட்ஸ் என்றால் விழுந்து கை கால் வெட்டுவது மட்டுமல்ல. சில விநாடி வெறித்துப் பார்ப்பதும், இமை துடிப்பதும் ஃபிட்ஸாக இருக்கலாம். தோளைத் தொட்டு, கூப்பிட்டுப் பாருங்கள்; கனவில் மூழ்கியிருக்கும் பிள்ளை திரும்பும், ஃபிட்ஸில் இருக்கும் பிள்ளை திரும்பாது. ஒரு வயதுக்குள் இருக்கும் கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் தலையும் உடம்பும் மடங்கி, கை விரிந்து, சில விநாடிக்கு ஒருமுறை அடுக்கடுக்காக அதையே செய்தால், வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஃபிட்ஸ் அது.

● ஆட்டிசம் உள்ள இருபது வயதுப் பையன். நன்றாக இருந்தவன் வாசற்படியில் காலை வைத்துவிட்டு அப்படியே நிற்கிறான். சோற்றுக் கை பாதி வழியில் உறைந்து நிற்கிறது. யாராவது தோளைத் தொட்டால்தான் அடுத்த அசைவு. 'சோம்பேறித்தனம், பிடிவாதம்' என்று வீட்டில் சண்டை. இது கேட்டட்டோனியாவாக இருக்கலாம். லோர்னா விங்கும் அமிதா ஷாவும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களிடம் அனுப்பப்பட்ட 15 வயதுக்கு மேற்பட்ட ஆட்டிசக்காரர்களில் 17 சதவீதம் பேரிடம் இதைக் கண்டார்கள். லொராசபாம் என்ற மருந்துக்குப் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். கண்டுபிடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

● "தண்ணி வேணுமா?" என்று பிள்ளை வந்து நம்மிடம் கேட்டால், நமக்குத் தண்ணீர் தருவதற்காக அல்ல. அதற்குத் தாகம். தாகம் எடுத்தபோதெல்லாம் காதில் விழுந்த வாக்கியம் அதுதானே! இந்த எதிரொலிப் பேச்சை ஒழிக்க வேண்டிய குறையாகத்தான் முன்பு பார்த்தார்கள். 1980-களில் பேரி பிரிசன்ட் போன்றவர்கள், அதில் கேட்பதும், மறுப்பதும், பதில் சொல்வதும் இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார்கள். பயம் வரும்போதெல்லாம் ஒரே வடிவேலு வசனத்தைச் சொல்லும் பையன் காமெடி பண்ணவில்லை. பயமாக இருக்கிறது என்கிறான். திருத்துவதற்குப் பதில், "எனக்குத் தண்ணி வேணும்" என்று அவன் பக்கம் நின்று சொல்லிக்கொண்டே தம்ளரை நீட்டுங்கள்.

● ஸ்டிம்மிங் அதிகமாகிப் பாடம் ஓடவில்லை என்றால், மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடவிட்டுப் பிறகு உட்காரவைப்பது சிறிது நேரத்துக்குக் கைகொடுக்கும். சும்மா பந்தைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது போதாது என்று பழைய ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்டது.

● கால்நடைத் துறைப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டினுக்கு ஆட்டிசம் உண்டு. பதின்வயதில் அத்தையின் பண்ணையில், மாடுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டுக்குள் போனதும் அவை அடங்குவதைப் பார்த்தார். தானும் உள்ளே போய் நின்று பார்த்தார்; பதற்றம் அடங்கியது. பிறகு தனக்கென்றே ஓர் அழுத்தும் இயந்திரம் செய்துகொண்டார். பெரியவர்கள் அதைப் பிடுங்கி வைக்கப் பார்த்தார்கள் என்பது கதையின் இன்னொரு பகுதி.

● 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' நம் வகுப்பறையின் பழைய கட்டளை. ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அது இன்னும் மோசமான வடிவங்களில் வந்திருக்கிறது. 1960-களில் கலிஃபோர்னியாவில் இவார் லோவாஸ் அறையும் மின் அதிர்ச்சியும் கொடுத்துப் பழக்கினார். மாசசூசெட்ஸில் ஜட்ஜ் ரோட்டன்பெர்க் மையம் என்ற இடத்தில் மின் அதிர்ச்சி இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 2020-ல் அமெரிக்க அரசு போட்ட தடையை 2021-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. வளர்ந்த ஆட்டிசக்காரர்களிடமே கேட்டு 2019-ல் ஸ்டீவன் காப் குழு எழுதிய ஆய்வில் அவர்கள் சொன்னது தெளிவு: ஸ்டிம்மிங் எங்களை நிதானப்படுத்துகிறது, அதை ஒழிக்கும் சிகிச்சை எங்களுக்கு வேண்டாம். காயம் இல்லை, அடுத்தவருக்கு ஆபத்து இல்லை என்றால் விட்டுவிடுங்கள் என்பதே என் கட்சியும். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பது நோயல்ல.

● மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு நம் நாட்டில் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 அம்சங்கள். கூட்டினால் 70 வந்தாலே ஆட்டிசம். எவ்வளவு தீவிரம் என்று அந்த எண் சொல்லும். ஏன் செய்கிறது என்று சொல்லாது. அதைச் சொல்ல உங்கள் செல்போனால் முடியும். டாக்டரின் அறையில் பிள்ளை ஒரு டிக்கும் காட்டாது, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். ஆகவே, அசைவு வரும்போது முகமும் கையும் தெரியும்படி ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். நடுவில் ஒருமுறை பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், நிற்கிறதா என்று அதிலேயே பதிவாகட்டும். எந்த வயதில் தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது, புதிதாக என்ன மாத்திரை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டங்களில் உள்ள அரசின் ஆரம்பகால இடையீட்டு மையங்களில் 18 வயது வரை பரிசோதனை இலவசம். அந்த வீடியோவோடு போங்கள்.